293318625600 (எண்)

293318625600 என்பது 12 இலக்கங்கள் கொண்ட ஓர் இயல் எண். இந்திய முறைப்படி காற்புள்ளியிட்டால் 2,93,31,86,25,600 என வரும். சொற்களில் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. இது ஓர் உயர் பகு எண். அதாவது, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுஎண்களைக் கொண்டது. இதன் வகுஎண்களின் எண்ணிக்கை 5040.

கணித வரலாற்றில் இவ்வெண் அறியப்படுவது வேறொரு காரணத்தால். சீனிவாச இராமானுசன் 1915 ஆம் ஆண்டில் வெளியிட்ட உயர் பகு எண்களின் பட்டியலில் 102 எண்கள் உள்ளன. அந்தப் பட்டியலின் எல்லைக்குள் இருந்தும் அதில் இடம்பெறாமல் விடுபட்டுப்போன ஒரே எண் 293318625600 ஆகும்.

உயர் பகு எண் என்பது

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுஎண்கள். 12 இன் வகுஎண்கள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. 12 க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. எனவே 12 ஓர் உயர் பகு எண். 18 க்கும் ஆறு வகுஎண்கள் உண்டு (1, 2, 3, 6, 9, 18). ஆனால் அந்த ஆறை 12 முன்பே எட்டிவிட்டதால் 18 உயர் பகு எண் ஆகாது. இவ்வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 எனத் தொடர்கிறது.

இந்த எண்கள் அன்றாட வாழ்வில் பழக்கமானவை. ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை ஆகியவை எல்லாம் உயர் பகு எண்களே. பழந்தமிழ்க் கால அளவில் ஒரு நாளுக்கு 60 நாழிகை என்பதும் அப்படியே. பல வகையில் சமமாகப் பங்கிட வேண்டிய இடங்களில் இவ்வெண்கள் வசதியானவை. மாங்காய் மண்டியில் 60 பழங்களைச் செவ்வக வடிவில் வரிசையாக அடுக்க வேண்டுமென்றால் 2 வரிசை, 3 வரிசை, 4, 5, 6 எனப் பல வழிகள் உண்டு. 59 பழங்களோ 61 பழங்களோ இருந்தால் ஒரே நீள வரிசைதான் வரும். அவை இரண்டும் பகா எண்கள்.

பெரிய எண் என்பதால் மட்டும் வகுஎண்கள் மிகுதியாக இருப்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள காவேரிப்பட்டினத்தின் அஞ்சல் குறியீட்டு எண் 635112. இதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2³ × 3² × 8821 என வரும். இதற்கு 24 வகுஎண்கள். ஆறு இலக்க எண்ணொன்றுக்கு இது குறைவானதன்று. அந்த அளவிலுள்ள எண்களுக்குச் சராசரியாக 14 அல்லது 15 வகுஎண்களே இருக்கும். ஆனால் 635112 க்குச் சற்றுக் கீழே உள்ள உயர் பகு எண்ணான 554400 க்கு 216 வகுஎண்கள், அதாவது சரியாக ஒன்பது மடங்கு. 8821 என்ற பெரிய பகா எண் ஒன்று உள்ளே அமர்ந்துகொண்டு இடத்தை அடைத்துவிட்டதே வேறுபாட்டுக்குக் காரணம். அந்த இடத்தில் சிறு பகா எண்கள் பல இருந்திருந்தால் எண்ணிக்கை பெருகியிருக்கும்.

காரணிப்படுத்தல்

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

வகுஎண்களை எண்ணுவதற்கு ஒவ்வோர் அடுக்குடனும் 1 ஐக் கூட்டி, கிடைத்தவற்றைப் பெருக்க வேண்டும். இங்கு அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எனவே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இந்த விதிக்கான காரணம் எளியது. ஒரு வகுஎண்ணை உருவாக்கும்போது 2 ஐ எத்தனை முறை எடுப்பது என்பதற்கு 0 முதல் 6 வரை ஏழு தெரிவுகள், 3 க்கு 0 முதல் 4 வரை ஐந்து தெரிவுகள், இப்படியே மற்றவற்றுக்கும்.

அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறாமல் இருப்பதைக் காணலாம். எல்லா உயர் பகு எண்களுக்கும் இது பொருந்தும். பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கும் சிறிய பகா எண்ணுக்குச் சிறிய அடுக்கும் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றினால் போதும். வகுஎண்களின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறியதாகிவிடும். 18 = 2 × 3² என்பது 12 = 2² × 3 இடம் தோற்றது இப்படித்தான். இறுதிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 ஆகவே இருக்கும் என்றும், 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு என்றும் இராமானுசன் நிறுவினார். 293318625600 இல் அந்த இறுதிப் பகா எண் 19.

காரணிகளை வேறு விதமாகத் தொகுத்தால் இவ்வெண்ணின் உள்ளமைப்பு தெளிவாகிறது. முதல் நான்கு அடுக்குகளும் இரட்டைப்படை என்பதால் 293318625600 = 2520² × 11 × 13 × 17 × 19. இங்குள்ள 2520 என்பது 1 முதல் 10 வரையான எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண். அதுவும் ஓர் உயர் பகு எண். வகுஎண்களின் எண்ணிக்கையான 5040 இந்த 2520 இன் இருமடங்கு. இன்னொரு தொகுப்பில், 19 வரையான எட்டுப் பகா எண்களின் பெருக்கலான 9699690 ஐ 30240 ஆல் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். 30240 இன் வகுஎண்களை எல்லாம் கூட்டினால் 120960, அதாவது அதன் சரியான நான்கு மடங்கு. இப்பண்பு கொண்ட மிகச் சிறிய எண் 30240 தான்.

இராமானுசனின் பட்டியல்

ஈரோட்டில் 1887 திசம்பர் 22 அன்று பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகப் பணியாற்றியபின், 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கேம்பிரிட்சில் அவர் எழுதிய நீண்ட ஆய்வுக்கட்டுரை 'உயர் பகு எண்கள்' பற்றியது. இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகள் இதழில் 1915 இல் வெளிவந்தது. இந்த ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வு வழியிலான இளங்கலைப் பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வுகளில் தவறிப் பட்டம் பெறாமலே போனவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

அக்கட்டுரையில் உள்ள பட்டியல் 2 இல் தொடங்கி 6746328388800 இல் முடிகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வகுஎண்களின் எண்ணிக்கையும், அந்த எண்ணிக்கைக்கு எத்தனை வகுஎண்கள் என்பதும், பகாக் காரணிகளும் தரப்பட்டுள்ளன. கணினியோ கணிப்பானோ இல்லாத காலத்தில் ஏறத்தாழ 6.7 இலட்சம் கோடி வரை சென்ற பட்டியல் இது. அதில் இருக்க வேண்டியவை 103 எண்கள். இருப்பவை 102.

விடுபட்ட இடத்தின் அண்டை எண்கள் இவை:

240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, வகுஎண்கள் 4800
293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19, வகுஎண்கள் 5040
321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, வகுஎண்கள் 5376

முன்னும் பின்னும் உள்ள இரண்டிலும் 23 இருக்கிறது, நடுவில் உள்ளதில் இல்லை. 23 என்ற பகா எண் இவ்வரிசையில் முதன்முதலாகத் தலைகாட்டுவது 64250746560 இல். அதன்பின் சிறிது தூரம் 23 உள்ளவையும் இல்லாதவையும் கலந்தே வருகின்றன. 73329656400, 97772875200, 146659312800 ஆகிய மூன்றிலும் 23 இல்லை. இவை முறையே 293318625600 இன் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு, அரைப் பங்கு. இம்மூன்றும் இராமானுசனின் பட்டியலில் உள்ளன. 146659312800 க்குப் பின் 23 உள்ள இரண்டு எண்கள் அடுத்தடுத்து வருகின்றன. 23 இல்லாதவற்றின் காலம் முடிந்துவிட்டது போலத் தோன்றும் அந்த இடத்தில்தான் 23 இல்லாத இன்னோர் எண் வருகிறது. அதற்குப்பின் பட்டியலின் முடிவு வரை ஒவ்வோர் எண்ணிலும் 23 உண்டு.

பட்டியலின் கடைசி எண்ணான 6746328388800 ஐக் காரணிப்படுத்தினால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என வரும். அது 293318625600 ஐ 23 ஆல் பெருக்கியது தவிர வேறில்லை. ஆகவே விடுபட்ட எண்ணின் காரணிகள் முழுவதும் பட்டியலின் இறுதி வரியில் அச்சிடப்பட்டே இருக்கின்றன.

இது உயர் பகு எண் என்பதைச் சரிபார்த்தல்

293318625600 க்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் சோதிக்கத் தேவையில்லை. அடுக்குகள் இறங்குமுகமாக உள்ள எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவற்றையும் இறுதிப் பகா எண்ணைக் கொண்டு பிரிக்கலாம்.

இறுதிப் பகா எண் 29 எனக் கொண்டால், 29 வரையான பகா எண்களின் பெருக்கலே 6469693230 ஆகிவிடுகிறது. எல்லையைத் தாண்டாமல் அதை 45 வரைதான் பெருக்க முடியும். 36 ஆல் பெருக்கும்போது 232908956280 என்ற எண்ணும் 4096 வகுஎண்களும் கிடைக்கின்றன. அதற்குமேல் இல்லை. 31 ஐச் சேர்த்தால் 2048 தான்.

போட்டி கடுமையாவது 23 இல். 23 வரையான பகா எண்களின் பெருக்கல் 223092870. இதை 1314 வரை பெருக்கலாம். 720, 960, 1152, 1260, 1296 ஆகிய ஐந்தில் எதனால் பெருக்கினாலும் 4608 வகுஎண்களே வருகின்றன. ஐந்து வெவ்வேறு எண்கள், ஒரே எண்ணிக்கை. 1080 ஆல் பெருக்கினால் மட்டும் 4800 கிடைக்கிறது. அதுவே மேலே கண்ட 240940299600. இந்த வகையில் எந்த எண்ணும் 5040 ஐ எட்டவில்லை. இறுதிப் பகா எண் 19 ஆக உள்ளவற்றில், 9699690 ஐ 20160, 25200, 25920 ஆகியவற்றால் பெருக்கியவை மீண்டும் 4608 இலேயே நிற்கின்றன. 30240 ஆல் பெருக்கும்போதுதான் 5040 வருகிறது. 17 இல் முடிபவை இன்னும் பின்தங்கியவை.

இத்தனை எண்கள் 4608 இல் வந்து குவியும் இடத்தில், கையால் சலித்தெடுக்கும் ஒருவர் ஒன்றைத் தவறவிடுவது வியப்பன்று. வியப்புக்குரியது, பட்டியல் முழுவதிலும் அப்படி ஒன்றே ஒன்றுதான் நேர்ந்தது என்பது. கட்டுரையின் தேற்றங்கள் எதுவும் இப்பட்டியலைச் சார்ந்து நிற்கவில்லை என்பதால் இந்த விடுபாடு அவற்றைப் பாதிக்கவில்லை. இராமானுசன் 'மேம்பட்ட உயர் பகு எண்கள்' எனத் தனியே பிரித்து உடுக்குறியிட்டுக் காட்டிய சிறப்பு வகையிலும் 293318625600 சேராது. அடுத்துள்ள 321253732800 சேரும். இராமானுசன் தவறே செய்யாதவர் என்று சொல்லப்படுவதும், இதுபோன்ற ஒரு பிழையைக் காட்டி அவரது பணியைக் குறைத்துப் பேசுவதும், பட்டியலைப் பிரித்துப் பார்க்காத இருவகைப் பேச்சுகள்.

பிற பண்புகள்

உயர் பகு எண் என்பதால், 5040 வகுஎண்கள் கொண்ட மிகச் சிறிய எண் இதுவே. 5040 என்பது 1 முதல் 7 வரையான எண்களின் பெருக்கல். பிளேட்டோ தமது 'சட்டங்கள்' நூலில் ஒரு நகரத்துக்குரிய குடும்பங்களின் எண்ணிக்கையாக, எளிதில் பங்கிடத்தக்கது என்ற காரணத்தால், இதையே பரிந்துரைத்தார். 5040 க்கு 60 வகுஎண்கள், 60 க்கு 12, 12 க்கு 6, 6 க்கு 4. 293318625600, 5040, 60, 12, 6, 4 ஆகிய ஆறுமே உயர் பகு எண்கள். அதற்குப்பின் 3 வந்து தொடர் அறுகிறது. அண்டை எண்களுக்கு இந்தப் பண்பு இல்லை. 4800, 5376 இரண்டுமே உயர் பகு எண்கள் அல்ல.

1 முதல் 22 வரையான எல்லா எண்களாலும் இது வகுபடும். வகுபடாத முதல் எண் 23. இலக்கங்களைக் கூட்டினால் 45 வரும்; 45 ஆலும் இது வகுபடுவதால், தேவலாலியில் வாழ்ந்த கணித ஆசிரியர் த. ரா. கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்சத் எண்களில் ஒன்றாகிறது. தமிழ்ப் பின்ன அளவையில் முந்திரி என்பது 320 இல் ஒரு பங்கு. 293318625600 இன் ஒரு முந்திரி 916620705 என்ற முழுஎண். 320 இல் 2 இன் அடுக்கு 6, இவ்வெண்ணிலும் 2 இன் அடுக்கு 6. எனவே முந்திரிக்கும் பாதி எடுக்க முயன்றால் முழுஎண் கிடைக்காது. 

இதற்குக் குறைந்த எண்களில் இதனுடன் பொதுக் காரணி ஏதும் இல்லாதவை 50164531200. அதாவது ஆறில் ஒரு பங்கைவிடச் சற்று மிகுதி.

வகுஎண்களின் கூட்டுத்தொகை

வகுஎண்கள் 5040 ஐயும் கூட்டினால் 1642243014720 வரும். இதை மூல எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 5.5988. இந்த விகிதம் எவ்வளவு பெரியதாகலாம் என்ற கேள்வியும் இராமானுசனின் அதே ஆய்வுடன் தொடர்புடையது. இலண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது இருந்த பணநெருக்கடியால் அவரது கட்டுரை முழுவதும் அச்சேறவில்லை. எஞ்சிய பகுதி கையெழுத்துப்படியாகவே கிடந்து, சான் லூயி நிக்கோலா, கீ ரோபன் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997 இல் இராமானுசன் ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளிவந்தது. வகுஎண்களின் கூட்டுத்தொகைக்கான மேல் எல்லைகள் அப்பகுதியில் ஆராயப்பட்டுள்ளன.

இதற்கு முன்பே, 1984 இல், ரோபன் ஒரு தேற்றத்தை வெளியிட்டிருந்தார். 5040 க்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும், வகுஎண்களின் கூட்டுத்தொகையை அந்த எண்ணால் வகுத்த விகிதம், அவ்வெண்ணின் இயல் மடக்கையின் இயல் மடக்கையை 1.78107 எனத் தொடங்கும் ஒரு மாறிலியால் பெருக்கியதைவிடக் குறைவாக இருக்குமா என்பதே கேள்வி. எப்போதும் குறைவு என நிறுவினால், கணிதத்தின் மிகப்பெரிய தீராச் சிக்கல்களில் ஒன்றான இரீமன் கருதுகோள் நிறுவப்பட்டதாகும். மீறும் ஒரே ஓர் எண் கிடைத்தால் கருதுகோள் பொய்யாகும். மீறக்கூடிய எண்ணைத் தேடுவோர் 293318625600 போன்று சிறு பகா எண்கள் நெருக்கமாக அடைபட்ட எண்களிடையேதான் தேட வேண்டியிருக்கிறது. இவ்வெண்ணுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 5.830. இதன் விகிதம் 5.599. இடைவெளி 0.231.